பழைய விண்டோஸ்: விட்டு விலகலாமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

கேள்வி: என் கணினியில் விண்டோஸ் 7 இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. கணக்கு எழுதுவது, மின்னஞ்சல், வங்கி வேலை எல்லாம் அதில்தான். நன்றாக ஓடுவதை எதற்கு மாற்ற வேண்டும்?

பதில்: நன்றாக ஓடுகிறது என்று நீங்கள் சொல்வதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விண்டோஸ் 7 அருமையான சிஸ்டம். பழகியதை விட மனம் வராது என்பதும் புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியதில் 'வங்கி' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்துவிட்டது.

2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்தது. அன்றைக்கு உங்கள் கணினியில் எதுவும் நிற்கவில்லை, எதுவும் மெதுவாகவும் ஆகவில்லை. அதனால்தான் பலருக்கு ஆபத்து கண்ணில் படுவதில்லை. நடப்பது இதுதான்: புதிய விண்டோஸில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதற்குத் திருத்தம் வெளிவரும். அந்தத் திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். விண்டோஸின் பல பகுதிகள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருபவை. எனவே அதே ஓட்டை பழையதிலும் இருக்க வாய்ப்பு அதிகம். புதியதில் அடைத்துவிட்டார்கள், உங்களுடையதில் அடைக்க ஆள் இல்லை.

2017 மே மாதம் வான்னக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கலாம். பிரிட்டனில் மருத்துவமனைகளே ஸ்தம்பித்தன. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. மாட்டிக்கொண்ட கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7தான். அப்போது அதற்கு ஆதரவும் இருந்தது. திருத்தத்தைப் போடாமல் விட்ட இரண்டு மாதம் போதுமானதாக இருந்தது. உங்கள் கணினிக்குத் திருத்தமே வராமல் எத்தனை வருடம் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பிரவுசரும் ஒரு காரணம். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி குரோம் 109ஆம் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வந்த 110இலிருந்து விண்டோஸ் 10 வேண்டும். பழைய சிஸ்டம், அதன்மேல் பழைய பிரவுசர், அதற்குள் வங்கிக் கடவுச்சொல். தயவுசெய்து இன்றிலிருந்தே வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள். கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

கணக்கு எழுத மட்டும் அந்தக் கணினி போதும் என்றால் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஹார்டு டிஸ்க் எத்தனை வயதானது என்பதை மட்டும் மறக்காமல், கணக்கு கோப்புகளை வாரம் ஒருமுறை வெளியே நகல் எடுங்கள்.

கேள்வி: நல்ல ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கிப் போட்டால் போதாதா?

பதில்: போதாது. ஆன்டிவைரஸ் உள்ளே வருவதைப் பிடிக்கப் பார்க்கும். சிஸ்டத்தின் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. அந்தக் காசைப் புதிய எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பு வட்டுக்கு, ஒதுக்குங்கள்.

கேள்வி: என் லேப்டாப் 2017இல் வாங்கியது. ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை என்று திரையில் வருகிறது. கடையில் கேட்டால் "தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்" என்கிறார்கள். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது உண்மை. ஆனால் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நீட்டித்திருக்கிறார்கள். அதற்குச் சிஸ்டம் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றும் வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்யும் சுட்டி தெரியும். அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. வேண்டாம் என்றால் சிறிய தொகை கட்டலாம். இது நிரந்தரத் தீர்வு ஆகாது, யோசிக்க அவகாசம் தரும், அவ்வளவுதான்.

அந்த அவகாசத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, 'தகுதி இல்லை' என்பதற்குக் காரணம் என்ன? விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே போலி நிரல்களைத் தடுக்கும் வசதி), டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) எல்லாம் வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். உங்களுடையது ஏழு, அதனால் தடை பிராசசரில்தான். ஆனால் எட்டாம் தலைமுறைக்காரர்கள் பலருக்கும் இதே செய்தி வருகிறது. அங்கே டிபிஎம் இருக்கும், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) அணைந்து கிடக்கும், அவ்வளவுதான். முடுக்கிவிட்டால் தீர்ந்தது. பயாஸில் கை வைக்கும் முன் ஒரு வேலை: வட்டு பூட்டப்பட்டிருந்தால், அதாவது பிட்லாக்கர் இருந்தால், 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் அது சேமிக்கப்பட்டிருக்கும். டிபிஎம் அமைப்பு மாறியதும் கணினி அந்த எண்ணைக் கேட்டால், எண் இல்லாதவருடைய கோப்புகள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, லேப்டாப்பின் உடம்பு எப்படி இருக்கிறது? திரை, கீல், விசைகள் எல்லாம் சரியாக இருந்து, வேகம் மட்டும்தான் குறை என்றால், உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். அதை எஸ்எஸ்டியாக மாற்றினாலே இது நம் லேப்டாப்தானா என்று கேட்பீர்கள். அப்புறம் லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய வேறொரு சிஸ்டம். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு, இலவசம். நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒரு மாலை நேரம் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். பிரவுசர், மின்னஞ்சல், கடிதம், படம் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை என்றால் புது லேப்டாப் உங்களுக்குத் தேவையே இல்லை. விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பிப் பிழைப்பு நடத்துகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது 2026 அக்டோபருக்குள் புதியதுக்குப் பணம் சேர்ப்பதுதான் வழி.

கேள்வி: தகுதி இல்லாத கணினியிலும் விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒரு நண்பர். போடலாமா?

பதில்: போட முடியும், ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தான் மாறுகிறோம். விளையாட்டுக்கு வைத்திருக்கும் இரண்டாவது கணினி என்றால் உங்கள் இஷ்டம். வேலைக் கணினியில் வேண்டாம்.

கேள்வி: புதிய கணினிக்கு மாறத் தயார். ஆனால் என்னிடம் பழைய ஸ்கேனர் ஒன்றும், பல வருடமாகத் தமிழில் தட்டச்சு செய்த கோப்புகளும் இருக்கின்றன. எல்லாம் வேலை செய்யுமா?

பதில்: முதலில் இதைக் கேட்டீர்களே, நல்லது. நான் கேட்காமல் மாட்டிக்கொண்டேன்.

2020இல் நான் விண்டோஸ் 7ஐ விட்டபோது என் ஸ்கேனருக்குப் புதிய டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) கிடைக்கவில்லை. தயாரித்த நிறுவனம் டிரைவர் எழுதவே இல்லை. அடுத்த மாடலை வாங்கச் சொன்னது. விளக்கு எரிகிறது, தட்டு நகர்கிறது, ஒரு கீறல் கூட இல்லாத கருவி. அதைக் குப்பையில் போட மனம் வராமல், பழைய கணினியின் வைஃபையை அணைத்து, ஸ்கேன் செய்வதற்கு மட்டும் இரண்டு வருடம் வைத்திருந்தேன். படங்களைப் பென்டிரைவில்தான் எடுத்துவருவேன். வ்யூஸ்கேன் போன்ற மென்பொருள்கள் தங்கள் சொந்த டிரைவரை வைத்துப் பழைய ஸ்கேனர்களை ஓட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. லினக்ஸிலும் பல பழைய ஸ்கேனர்கள் நேரடியாக ஓடும். வாங்குவதற்கு முன்பே உங்கள் மாடல் எண்ணை வைத்து இந்த இரண்டையும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

மென்பொருள் விஷயத்தில், 32 பிட் நிரல்கள் விண்டோஸ் 11இல் பெரும்பாலும் ஓடும். அதைவிடப் பழைய 16 பிட் நிரல்கள் ஓடாது, ஏனென்றால் விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. அப்படி ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் பழைய விண்டோஸை விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் மென்பொருள்) நிறுவி, அதற்கு இணையம் கொடுக்காமல் ஓட்டலாம்.

தமிழ்க் கோப்புகளில் கவனம் தேவை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தட்டச்சு செய்தவை அப்படியே திறக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்திருந்தால், கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள். பாமினி இல்லாத கணினியில் 'அம்மா' என்று அடித்த இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, அடுத்து எச் என்று நிற்கும். அதைப் பார்த்துக் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பழைய கணினியின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். நீங்கள் பயன்படுத்திய எழுத்துருக்களை எல்லாம் அங்கிருந்து நகல் எடுத்துப் புதியதில் நிறுவுங்கள். அதற்குப் பிறகு, முக்கியமானவற்றை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். அப்போதுதான் தேடினால் கிடைக்கும், கைபேசியிலும் படிக்க முடியும். புதிதாக எழுத, விண்டோஸ் 11க்குள்ளேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது.

பழைய கணினியை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். எதை எடுக்க மறந்தோம் என்பது மூன்றாவது வாரத்தில்தான் நினைவுக்கு வரும்.

கேள்வி: "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரை முழுக்கச் சிவப்பாக வருகிறது. அழைக்கலாமா?

பதில்: அழைக்கவே அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. அது பிரவுசருக்குள் வந்த மோசடிப் பக்கம். மூட முடியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். ஏற்கெனவே அழைத்து, யாரையாவது கணினிக்குள் வர விட்டிருந்தால், உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டு வேறு கைபேசியிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள்.