அகார சாதகம் செய்தும் தெலுங்குக் கீர்த்தனையில் உயிரொலி பிசகுவது ஏன்?

'ஆ' என நீட்டிப் பாடிப் பழகும் அகார சாதகம் குரலைத் திறந்து சுருதியில் நிறுத்தப் பழக்குமே தவிர, ஒவ்வொரு மொழியின் உயிரொலியையும் தானாகக் கற்றுத் தந்துவிடாது. தமிழில் 'நாடு' என்னும்போது ஈற்று உகரம் குற்றியலுகரமாகக் குறுகி, இதழ் குவியாமலே ஒலிக்கிறது. தெலுங்கில் 'நாள்' எனப் பொருள்படும் 'நாடு' என்ற சொல்லிலோ இதழ் நன்றாகக் குவிய வேண்டும். பேச்சில் இந்த வேறுபாடு காதில் படாமல் போகலாம். ஆனால் அந்த உகரத்தின்மேல் நான்கு அட்சரம் (தாள எண்ணிக்கை) கார்வையாக நீட்டி நிற்கும்போது பிசகு அப்பட்டமாகத் தெரிந்துவிடும் என்பதால், கண்ணாடி முன் அமர்ந்து, ஷட்ஜத்தில் ('ஸ' சுரத்தில்) இரண்டு உகரங்களையும் மாற்றி மாற்றி நீட்டிப் பாருங்கள். வடமொழியில் எகர, ஒகரக் குறில்கள் இல்லை. அங்கே இவை எப்போதும் நெடிலே. இத்தாலிய மொழியில் உயிரெழுத்து ஐந்தாயினும், அழுத்தம் பெறும் அசையில் ஏகாரமும் ஓகாரமும் விரிந்தும் ஒடுங்கியும் இருவகையாக ஒலிப்பதால் உயிரொலி ஏழு. நான் எந்த மொழிப் பாடலையும் முதலில் மெட்டின்றி உரக்க வாசித்த பிறகே பாடத் தொடங்குகிறேன்.