பாஸ் கிதாரைப் பிடித்துக்கொண்டு போங்கள்

கேள்வி: மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் 'கைண்ட் ஆஃப் புளூ', மெட்டாலிகா குழுவின் மெட்டல் ஆல்பம் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' இரண்டுமே எனக்கு உயிர். ஒப்பிட்டு எழுத உட்கார்ந்தால் "ஒன்று அமைதி, மற்றொன்று ஆவேசம்" என்பதோடு பேனா நின்றுவிடுகிறது. 'மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாய்' என்று நண்பர் சிரிக்கிறார். எதை வைத்துத்தான் ஒப்பிடுவது?

பதில்: அமைதி, ஆவேசம் என்பதெல்லாம் அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதை எழுதுவதற்கு ஆல்பத்தைக் கேட்டிருக்கவே வேண்டாம். இரண்டிலும் இருக்கிற ஒரு வாத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பாஸைச் சொல்வேன், அடிச்சுரங்களை வாசிக்கும் தந்தி வாத்தியம்.

'கைண்ட் ஆஃப் புளூ'வில் முதலில் வரும் 'சோ வாட்' எப்படித் தொடங்குகிறது? பியானோவும் பாஸும் கொஞ்ச நேரம் தடவித் தடவி வருகின்றன. பிறகு பால் சேம்பர்ஸின் டபுள் பாஸ்தான் (நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய பாஸ்) மெட்டையே சொல்கிறது. டிரம்பெட்டும் சாக்சபோன்களும் 'ஆமாம்' போடுவதோடு சரி. அடியில் கிடக்க வேண்டிய வாத்தியம் முன்னால் வந்து பேசுகிறது. அதில் வரும் சுர வரிசை நமக்குத் தெரிந்த கரகரப்பிரியாவுடையதுதான், கமகம் மட்டும் இல்லை. பதினாறு பார் (ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை) அதிலேயே நின்று, எட்டு பாருக்கு அரைச் சுரம் மேலே ஏறி, மறுபடி இறங்குகிறது. இவ்வளவுதான் வரைபடம். இதை வைத்து ஒன்பது நிமிடம்!

இனி 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தின் 'ஓரையன்'. பாடல் வரியே இல்லாத எட்டரை நிமிடம். தூரத்திலிருந்து ஆர்கன் போல மெல்லப் பெருகி வரும் அந்தத் தொடக்க ஒலி மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன் வாசித்த பாஸ் கிதார். நடுவே எல்லாம் அடங்கியதும் வழிநடத்துவதும் அதுவே. அவர் வாசித்த தனி ஆவர்த்தனத்தை நான் வெகுகாலம் கிதார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். வெட்கம்தான்.

எனக்குப் பிடித்த ஒற்றுமை ஒன்று. 1959 மார்ச் 2 அன்று 'சோ வாட்' பதிவானபோது சேம்பர்ஸுக்கு வயது 23. 1985 இலையுதிர்காலத்தில் கோபன்ஹேகன் ஸ்டுடியோவில் பர்ட்டனுக்கும் 23. சேம்பர்ஸின் ஆல்பம் இரண்டே நாளில் முடிந்தது. இரண்டாவது நாளான ஏப்ரல் 22 அவருடைய பிறந்தநாள். பர்ட்டனுடையதற்குச் சில மாதங்கள் பிடித்தன. ஆல்பம் வெளியான 1986-லேயே, செப்டம்பரில், சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் அவர் இறந்துபோனார்.

இரண்டு நாளுக்கும் பல மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் காதில் கேட்கிறதா? அதை எழுதுங்கள். டேவிஸ் தந்தவை வெறும் குறிப்புகள். வாசிப்பவர் அந்த நொடியில் யோசிப்பது கேட்கிறது. மெட்டாலிகாவில் யோசனை எல்லாம் முன்பே முடிந்துவிட்டது. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கிய கிதார்கள் சுவர்போல நிற்கின்றன. எது உசத்தி என்று கேட்டால், எனக்கு அந்தச் சுவரைவிட யோசனைதான் பிடிக்கும். நீங்கள் மறுக்கலாம்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சத்தம் கூடுதலாக இருப்பதுதான் காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும், அதனால் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் வையுங்கள். ஜாஸை முதலில் கேளுங்கள். மெட்டலுக்குப் பிறகு கேட்டால் சிம்பலின் மெல்லிய ஓசை காதில் ஏறாது. போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், பாஸ் காணாமல் போய்விடும்.

நண்பருக்கு 'ஓரையன்' நடுப்பகுதியைப் பெயர் சொல்லாமல் போட்டுக்காட்டுங்கள். கல்லறைச் சிலுவைகள் வரிசையாக நிற்கும் அந்த அட்டையை மட்டும் ஒளித்து வையுங்கள்.