சாமான் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

கணவரின் வேலைக்காகச் சென்னையிலிருந்து இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்திருக்கிறோம். கிளம்பும்போதே வீட்டுச் சாமானைப் பேக்கர்ஸ்காரர்களிடம் கொடுத்துவிட்டோம். எங்களுடையது கொஞ்சம்தான் என்பதால் வேறு சில குடும்பங்களின் சாமானோடு ஒரே கன்டெய்னரில் போகும், எட்டு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். இப்போது நாலாவது மாதம். போன் செய்தால் "ஷிப்மென்ட்டில் இருக்கு மேடம்" என்பதற்கு மேல் பதில் இல்லை. காற்று மெத்தையில் படுக்கிறோம். குக்கர்கூட வாங்கவில்லை, அதுதான் வருகிறதே என்று. அம்மா கொடுத்த வெண்கலப் பானையும் அதில்தான் இருக்கிறது. "சாமான்தானே, இதற்கா அழுகிறாய்" என்கிறார் கணவர். நான் செய்வது அசட்டுத்தனமா?

ச., லெஸ்டர்

அன்புள்ள ச.,

அசட்டுத்தனம் இல்லை. வருஷக்கணக்கில் கையில் புழங்கிய பாத்திரம் எந்த ஊரில் கிடக்கிறது என்றே தெரியாவிட்டால் யாருக்கும் மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். தாமதத்தைக்கூடத் தாங்கிக்கொள்வீர்கள், இந்தத் தெரியாமைதான் உங்களை வாட்டுகிறது என்று நினைக்கிறேன். அதற்கு வழி உண்டு.

"ஷிப்மென்ட்டில் இருக்கு" என்ற பதிலை இனிமேல் ஏற்காதீர்கள். பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கை ஏற்றிக்கொண்டதற்குத் தரும் ரசீது, அதன் நகலைக் கேளுங்கள். அதில் கன்டெய்னர் எண் இருக்கும்: நாலு எழுத்து, ஏழு இலக்கம். கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் அதைப் போட்டால் பெட்டி எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று தேதியோடு காட்டும். எண்ணைத் தராமல் மழுப்பினால் சாமான் இன்னும் கப்பலே ஏறவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். பங்குக் கன்டெய்னரில் இது சகஜம். இருபதடிப் பெட்டிக்குள் சுமார் 33 கன மீட்டர் இடம். அதை நிரப்ப ஆள் சேரும்வரை முதலில் கொடுத்தவரின் சாமான் கிடங்கிலேயே கிடக்கும். மணலிப் பக்கம் ஒரு சரக்கு நிலையத்தில் பார்த்திருக்கிறேன். மரச்சட்டம் அடித்த பெட்டிகள், மேலே மார்க்கரில் பெயரும் ஊரும். ஒன்றில் அட்டை கிழிந்து நடைவண்டியின் சிவப்புச் சக்கரம் வெளியே தெரிந்தது. பெட்டிமேல் அவ்வளவு தூசி. அதை ஓட்டவேண்டிய குழந்தை அதற்குள் ஓடவே பழகியிருக்கும்.

கடலில் ஆகும் தாமதத்துக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. சென்னைச் சரக்கு பெரும்பாலும் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ பெரிய கப்பலுக்கு மாறும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபின் பல கம்பெனிகள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றின. அதிலேயே பத்துப் பதினைந்து நாள் கூடிவிடும். ஆனால் கிடங்கில் கிடந்த நாளையும் கடல் கணக்கில் எழுதுவது ஏமாற்று. எந்தத் தேதியில் கப்பல் ஏறியது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் சொன்னது நிற்காது.

டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ் சலுகைக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? ஒரு வருஷமாவது வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு இங்கிலாந்தில் குடியேறுபவர், ஆறு மாதமாவது வைத்துப் புழங்கிய சாமானுக்குச் சுங்க வரியும் 20 சதவீத வாட் வரியும் கட்டவேண்டாம். அதற்கான அனுமதி எண் கையில் இல்லாமல் சாமான் வந்து இறங்கினால் துறைமுகத்திலேயே தேங்கும், கிடங்கு வாடகை உங்கள் தலையில் விழும்.

குக்கரை இன்றைக்கே வாங்குங்கள். ஒரு கட்டிலும் வாங்குங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டில் இரண்டு குக்கர் இருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. நாலு மாதம் தரையில் படுத்த முதுகுக்கு யார் பதில் சொல்வது? வெண்கலப் பானையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கடல் ஈரத்தில் கறுத்திருந்தாலும் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். கணவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். மின்னஞ்சல் எழுதும் வேலையை அவர் எடுத்துக்கொள்ளட்டும், எல்லாப் போனையும் நீங்களே செய்யவேண்டியதில்லை.

சாமான் வந்து இறங்கும்போது அவசரப்படுத்துவார்கள். பேக்கிங் லிஸ்ட்டை வைத்துப் பெட்டிகளை எண்ணி, நசுங்கியதைப் படம் எடுத்து, குறையை அவர்கள் நீட்டும் தாளிலேயே எழுதிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். இன்ஷூரன்ஸுக்கு அந்தத் தாள்தான் சாட்சி.