அனல்மின் நிலையம் பக்கத்தில் இருந்தால் கரண்ட் முதலில் வருமா?

கேள்வி: ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், டொமாகொமாய் நகரில் தனி வீடு வாடகைக்கு எடுத்துக் குடிவந்திருக்கிறோம். பக்கத்து ஊரில்தான் தொமாத்தோ-அத்சுமா அனல்மின் நிலையம். "பூகம்பம் வந்தாலும் இந்தப் பகுதிக்குத்தான் முதலில் கரண்ட் வரும்" என்று சொல்லித்தான் வீட்டுத் தரகர் முடித்துக் கொடுத்தார். கூரையில் சூரியத் தகடு இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஒருவர் வீட்டுக்கே வந்து, பேட்டரி இல்லாவிட்டால் அந்தத் தகடு பூகம்பத்தின்போது உதவாது என்று பயமுறுத்தி, என் கணவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். கைக்குழந்தை இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கையெழுத்து. ஜப்பானில் வீடு தேடி வந்து விற்றவரிடம் போட்ட ஒப்பந்தத்தை, பத்திரம் கைக்கு வந்த நாளையும் சேர்த்து 8 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். செவ்வாய்க்கிழமை பத்திரம் வாங்கியிருந்தால் அடுத்த செவ்வாய்தான் கடைசி நாள். கடிதமாக அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். உதவிக்கு 188 என்ற நுகர்வோர் எண்ணை அழைக்கலாம். நாள் குறைவு என்பதால் இதை மட்டும் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். வாடகை வீட்டில் உரிமையாளரைக் கேட்காமல் பேட்டரி வைக்கவே முடியாது. அது தெரிந்தும் கையெழுத்து வாங்கியவரை நம்ப வேண்டாம்.

சரி, தரகர் சொன்னதற்கு வருவோம். அது தவறு. தவறு என்பதற்கு அந்த மின்நிலையமே சாட்சி.

2018 செப்டம்பர் 6, அதிகாலை 3:07. ரிக்டர் 6.7 என்று செய்திகளில் வந்த பூகம்பம். மையம் உங்கள் பக்கத்து ஊரான அத்சுமாவுக்கு அருகே. அப்போது தீவு முழுவதற்குமான மின்தேவை சுமார் 31 லட்சம் கிலோவாட். அதில் ஏறத்தாழ பாதியை அந்த ஒரே நிலையம் கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே ஓடிய மூன்று அலகுகளில் (தனித்தனி மின் உற்பத்தி இயந்திரங்களில்) இரண்டு உடனே நின்றன. தானியங்கிக் கருவிகள் பல பகுதிகளின் இணைப்பைத் துண்டித்தன, ஜப்பானின் முக்கியத் தீவான ஹொன்ஷூவிலிருந்து கடலடிக் கம்பி வழியாகவும் மின்சாரம் வந்தது. இப்படிச் சில நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். அதற்குள் தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் எல்லோரும் விளக்கையும் டிவியையும் போட, தேவை மறுபடி ஏறியது. மூன்றாவது அலகும் நின்றது. 3:25-க்குத் தீவு முழுக்க இருட்டு, கிட்டத்தட்ட 29.5 லட்சம் வீடுகள்.

மின்சாரத்தைத் தொட்டித் தண்ணீர்போல நினைத்துக்கொள்கிறோம், அதுதான் குழப்பம். எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு அந்த நொடியே உற்பத்தியாக வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் ஹொக்கைடோவில் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 சுழற்சியில், நிலையாக நிற்கும். தேவை மிஞ்சினால் அந்த எண் சரியும், ஓரளவுக்குக் கீழே போனால் இயந்திரங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொன்றாக விலகும்.

அப்புறம் ஏன் உடனே திரும்பப் போட முடியாது? அனல்மின் நிலையம் கிளம்புவதற்கே கரண்ட் வேண்டும். கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளும் பம்பு, காற்று ஊதும் விசிறி, நிலக்கரி அரைக்கும் இயந்திரம், எல்லாமே மின்சாரத்தில் ஓடுபவை. கடலடிக் கம்பியைக்கூட ஹொக்கைடோ பக்கம் மின்சாரம் இல்லாததால் பயன்படுத்த முடியவில்லை. எனவே வெளித் துணையின்றிக் கிளம்பக்கூடிய புனல்மின் நிலையத்தை முதலில் ஓட்டி, அந்தச் சிறு மின்சாரத்தைக் கம்பி கம்பியாகக் கடத்தி, அடுத்த நிலையத்தை எழுப்ப வேண்டும். 4 மணிக்குத் தொடங்கிய முதல் முயற்சி தோற்றது. 6:30-க்கு மறுபடி ஆரம்பித்தார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு விளக்கு எரிய ஏறத்தாழ இரண்டு நாள் ஆனது.

உங்கள் பக்கத்து நிலையத்தில் கொதிகலன் குழாய்கள் உடைந்திருந்தன, ஓர் அலகின் டர்பைனில் தீப்பிடித்தது. அதன் முதல் அலகு செப்டம்பர் 19-ல்தான் திரும்பியது, கடைசி அலகு அக்டோபர் 10-ல். அதாவது அந்த இரண்டு நாளில் ஊருக்கு வந்த கரண்ட் வேறு எங்கிருந்தோ வந்தது. நிலையம் இருக்கும் அதே அத்சுமாவின் மலையோரப் பகுதிகள், நிலச்சரிவில் கம்பங்கள் போனதால், கடைசியாகக் காத்திருந்தவை. உங்கள் வீட்டுக்கு எப்போது கரண்ட் வரும் என்பதை அந்த வீட்டுக்கு வரும் கம்பியும் துணைமின் நிலையமும்தான் தீர்மானிக்கும், புகைபோக்கி தெரிகிற தூரம் அல்ல. 2019-ல் ஹொன்ஷூவோடு இன்னொரு இணைப்பு, 3 லட்சம் கிலோவாட், சேர்ந்திருக்கிறது. தீவு முழுக்க இருளும் வாய்ப்பு குறைந்திருக்கிறது. ஆனாலும் மூன்று நாளுக்குத் தயாராக இருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கரண்ட் போவதைவிட, திரும்பி வரும் நேரம் ஆபத்தானது. 1995 கோபே பூகம்பத்தில் காரணம் கண்டறியப்பட்ட தீவிபத்துகளில் பாதிக்கு மேல் மின்சாரத்தால் வந்தவை. மீன்தொட்டி உடைந்து தண்ணீர் வடிந்துபோக, சூடேற்றி மட்டும் வெளியே கிடக்கும். ஆளில்லாத வீட்டில் கரண்ட் வந்ததும் அது பழுத்துப் பற்றிக்கொள்ளும். ஒருமுறை பூகம்பத்துக்குப் பிறகு ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். படுக்கையறையில் மேசை விளக்கு மெத்தைமேல் கவிழ்ந்து கிடந்தது, சுவிட்ச் போட்டபடி. மெயினை அணைத்துவிட்டுப் போயிருந்ததால் அந்த வீடு பிழைத்தது.

அதனால் வீட்டைவிட்டு வெளியேறும் முன் மெயின் பிரேக்கரை இறக்குங்கள். திரும்பி வந்ததும் முதலில் கேஸ் வாடை இருக்கிறதா பாருங்கள். எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, அலமாரிக்கடியில் ஒயர் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, கிளை பிரேக்கர்களை இறக்கி வைத்துவிட்டு மெயினைப் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எது விழுகிறதோ, எதில் தீய்ந்த வாடை வருகிறதோ, அதைத் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அதிர்வு வந்தால் தானே இறங்கும் பிரேக்கரும் உண்டு. எடைக்குண்டு விழுந்து பிரேக்கரின் பிடியைக் கீழே இழுக்கும் சாதாரண வகை சில ஆயிரம் யென்னுக்குக் கிடைக்கிறது. உடனே இருட்டாகிவிடும், எனவே தலைமாட்டில் டார்ச் வையுங்கள். இவ்வளவு தீயைப் பார்த்த நாட்டில், புதிதாகக் கட்டும் வீட்டுக்குக்கூட இதை நாடு முழுவதும் கட்டாயமாக்கவில்லை. பரிந்துரை, துண்டறிக்கை, சில ஊர்களில் மானியம், அதுவும் ஜப்பானிய மொழிப் படிவத்தோடு. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்தப் பயத்தை வைத்துத்தான் இன்னொரு கூட்டம் பிழைக்கிறது. "மின்நிறுவனத்திலிருந்து வருகிறோம், உங்கள் பிரேக்கர் பெட்டி பழசு, தீப்பிடிக்கும், இன்றே மாற்ற வேண்டும்" என்பார்கள். சட்டப்படியான வீட்டு மின்பரிசோதனை 4 ஆண்டுக்கு ஒருமுறை, இலவசம், முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டு வருவார்கள், எதையும் விற்க மாட்டார்கள். பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

இனி உங்கள் சூரியத் தகடு. பேட்டரி இல்லாமல் உதவாது என்றாரே, அது பாதிப் பொய். வெளியில் கரண்ட் போனால் தகடும் தானாக நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டிகள் (இன்வெர்ட்டர்) பெரும்பாலானவற்றில் 'ஜிரிட்சு உன்தேன்', அதாவது தனித்து இயங்கும் முறை இருக்கிறது. மெயினையும் சூரியத் தகட்டின் பிரேக்கரையும் இறக்கிவிட்டு, பெட்டியில் முறையை மாற்றினால், அதற்கென்றே உள்ள தனி பிளக் பாயிண்டில் மட்டும் கரண்ட் வரும். சுவரிலிருக்கும் மற்ற பாயிண்டுகளில் வராது. வழக்கமாக அதிகபட்சம் 1,500 வாட். வெயில் இருக்கும் நேரம் மட்டும், மேகம் வந்தால் அறுந்துபோகும். குழந்தைக்குப் பால் கலக்கத் தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் ஒன்றே 1,200 வாட் கேட்கும், அதனால் அதைத் தனியாகப் போடுங்கள், கூட வேறெதுவும் வேண்டாம். வெந்நீரைப் பகலிலேயே பிளாஸ்கில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குப் பெட்டி பொத்தான் மாறும். ஆகையால் ஒரு வெயில் நாளில் கையேட்டை எடுத்து ஒருமுறை செய்து பாருங்கள், அந்தத் தனி பாயிண்ட் எங்கே இருக்கிறதென்று உரிமையாளரைக் கேளுங்கள். கரண்ட் திரும்பியதும் முறையைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

2018-ல் நடந்தது செப்டம்பரில். ஜனவரியில் நடந்தால் கதை வேறு. உங்கள் வீட்டில் சுவரோடு பொருத்திய மண்ணெண்ணெய் ஹீட்டர் இருந்தால், அதன் விசிறிக்கும் பற்றவைப்புக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரிக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் ஒரு துளி போதும், கரண்ட் இல்லாமல் எரியும் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று வாங்கிவிடலாம். எரியும்போது மணிக்கு ஓரிரு முறை ஜன்னலைத் திறந்துவிடுங்கள், குழந்தை நெருங்காதபடி தடுப்பு வையுங்கள், பனி விழும் முன்பே வாங்கிவிடுங்கள்.