சீசன் முடியும்போது பெரிய காய்கறித் தோட்டத்தில் காலியாகும் இடத்தை என்ன செய்யலாம்?

மாசியில் தக்காளி, கத்தரி ஓய்ந்து பாதித் தோட்டம் காலியாகக் கிடந்தால் பசுந்தாள் உரப்பயிர் விதையுங்கள். அதாவது, பச்சையாகவே மடக்கி மண்ணில் சேர்ப்பதற்கென்று வளர்க்கிற பயிர். சணப்பை, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு எல்லாம் இந்த வகைதான். இவற்றின் வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது, செடி மட்கும்போது அது அடுத்த பயிருக்குப் போகிறது. பயிரில்லாமல் வெறுமனே விட்ட மண், மூடி போடாத தண்ணீர்ப் பானை மாதிரி, ஈரமும் வற்றும், கண்டதும் வந்து விழும் (இங்கே களை விதை).

தண்ணீர் தாராளமாக இருந்தால் ஒரு பாத்தியில் தண்டுக்கீரை தூவுங்கள், சுமார் ஒரு மாதத்தில் பறிக்கலாம்.

அப்புறம், பசுந்தாள் பயிரை நன்றாக முற்றவிட்டால்தான் உரம் அதிகம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அப்படியில்லை, பூக்கத் தொடங்கியதுமே, ஏறக்குறைய 45 நாளில், மடக்கி உழுதுவிட வேண்டும், விட்டால் தண்டு நாராகி மட்க நாளாகும்.