ஹெலிகாப்டரில் வந்தவர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கத்தில் ஒரு கிராமம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் நாலு வீட்டு ஆட்கள் ஒரே தட்டட்டியில் (மொட்டைமாடியில்) இரண்டு ராத்திரி கிடந்தோம். மூன்றாம் நாள் ஹெலிகாப்டர் வந்து சாப்பாட்டு மூட்டை போட்டது. முதல் மூட்டை தண்ணீரில் விழுந்து போய்விட்டது. ஹெலிகாப்டரும் போய்விடும் என்று நினைத்தோம். திரும்பி வந்து இரண்டாவது மூட்டையைச் சரியாகத் தட்டட்டியில் போட்டது. என் பெரியம்மை இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் முற்றத்துக்கு வந்து கையெடுத்துக் கும்பிடுவாள்.

இந்த டிசம்பரில் அந்த ஹெலிகாப்டரில் வந்தவர்களுக்கு ஊரில் ஒரு பாராட்டு விழா எடுக்கலாம் என்று நாங்கள் சிலர் சொன்னோம். ஊர்க்கூட்டத்தில் இரண்டு எதிர்ப்பு வந்தது. "சம்பளம் வாங்குறவன் வேலையைச் செஞ்சான், இதுல பாராட்ட என்ன இருக்கு" என்றார் ஒருவர். "படகு கொண்டாந்த மீனவங்களை விட்டுட்டு ஹெலிகாப்டர்காரனுக்கு விழாவா" என்றார் இன்னொருவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

விழா எடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கடிதம் எழுதுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தச் சம்பளப் பேச்சை முடித்துவிடலாம். டிசம்பர் 17 ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனைத் தாண்ட விடாமல் நிறுத்திய ஸ்டேஷன் மாஸ்டர் ஜாபர் அலியும் சம்பளம் வாங்குகிறவர்தான். அந்த ரயிலில் சுமார் 800 பேர் இருந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரை நாம் எல்லோரும் மனதாரக் கொண்டாடினோம். அவர் சம்பளம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஹெலிகாப்டரில் வந்தவர்கள் விஷயத்தில் மட்டும் ஏன் கேட்கிறோம் என்றால், அவர்கள் செய்த வேலை நம் கண்ணுக்குத் தெரியவில்லை. வந்தது, சத்தம் போட்டது, மூட்டை போட்டது, போய்விட்டது. கீழே இருந்து பார்த்தால் அவ்வளவுதான்.

ஹெலிகாப்டருக்குப் பறந்து போவதைவிட ஒரே இடத்தில் நிற்பதுதான் கஷ்டம். இன்ஜினின் சக்தியில் பெரும்பங்கு அந்தரத்தில் அசையாமல் நிற்கவே செலவாகும். சுழல் இருக்கிற இடத்தில் கால் ஊன்றாமல் ஆற்றில் நீந்தி நிற்கிற மாதிரி. நமக்கு உதவிக்கு வந்த விமானப்படையின் எம்.ஐ. 17 போன்ற ஒரு ஹெலிகாப்டர் முழுப் பாரத்தோடு 13 டன் வரை இருக்கும். அதைத் தாங்க எவ்வளவு காற்றைக் கீழே தள்ள வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் காற்றில் தகரக் கூரை பறக்கும், வாழை படுத்துவிடும், விரித்துக் கட்டிய தார்பாய் மேலே எழும்பி இறக்கையில் போய்ச் சிக்கினால் எல்லாம் முடிந்தது.

இன்னொன்று, விமானிக்குத் தனக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. பக்கவாட்டுக் கதவில் ஒருவர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வெளியே தலையை நீட்டிப் பார்த்து, "இன்னும் இரண்டு மீட்டர் முன்னால், கொஞ்சம் இடது பக்கம், அப்படியே நில்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். விமானி அந்தக் குரலை நம்பித்தான் நிற்கிறார். கயிற்றில் ஆளை இறக்கித் தூக்குவதென்றால் பாடு இன்னும் அதிகம். பறக்கிற ஹெலிகாப்டரில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும். கொக்கி முதலில் தரையையோ தண்ணீரையோ தொட்ட பிறகுதான் கீழே இருப்பவர் அதைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் தூக்கிப்போடும்.

இப்போது உங்கள் தெருவுக்கு வாருங்கள். எத்தனை மின்கம்பி, எத்தனை கேபிள் ஒயர், எத்தனை தென்னை! மழை மூட்டத்தில் மேலே இருந்து பார்த்தால் கம்பி கண்ணுக்கே தெரியாது. கம்பத்தைப் பார்த்துத்தான் கம்பி எங்கே போகிறது என்று ஊகிக்க முடியும். வெள்ளத்தில் கம்பமே சாய்ந்து கிடந்தால் அதுவும் இல்லை. உங்கள் முதல் மூட்டை தவறியது என்று எழுதியிருக்கிறீர்கள். நகர்கிற ஹெலிகாப்டரில் இருந்து விழுகிற பொருள் அதே வேகத்தில் முன்னால் போய்த்தான் விழும். ஒரு தட்டட்டி அளவு இடத்தில் குறிபார்த்துப் போட இன்னும் கீழே, இன்னும் மெதுவாக வர வேண்டும். அதாவது கம்பிக்கு இன்னும் பக்கத்தில். மூட்டை தண்ணீரில் போனதைக் கதவில் இருந்தவர் பார்த்திருக்கிறார். விமானியிடம் சொல்லியிருக்கிறார். அவரும் சரி என்று திருப்பியிருக்கிறார். உங்கள் பெரியம்மை கும்பிடுவது அந்த ஒரு நிமிஷத்தைத்தான். நான் அங்கே நின்றிருந்தால் நானும் கும்பிட்டிருப்பேன்.

அடுத்தது மீனவர் பேச்சு. அவர்கள் தூக்கிவந்த படகுகளை நம் மாவட்டங்கள் என்றைக்கும் மறக்கக்கூடாது. கடற்கரையில் இருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, கடலே பார்த்திராத தெருக்களில் இறக்கினார்கள். ஆனால் இவர்களையும் அவர்களையும் தராசில் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷத்தில் பெய்கிறதைவிட அதிகம். மேலே அணைகளில் இருந்து வந்த தண்ணீரும் சேர்ந்துகொண்டது. ரோடு துண்டு துண்டாகப் போனதால் படகு ஏற்றிய லாரியே போக முடியாத இடங்கள் இருந்தன. குறுகலான தெருவுக்குள் ஹெலிகாப்டர் இறங்க முடியாது. ஒருவரால் முடியாததை இன்னொருவர் செய்தார். ரயிலில் சிக்கியவர்களுக்குப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்தார்கள். அந்த ரயில்காரர்களில் ஒரு கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் விமானப்படை தூக்கிக்கொண்டு போனது. விழாவில் மீனவர்களையும் மேடையில் உட்கார வையுங்கள். பிரச்சினை முடிந்தது.

ஆனால் மீனவர்களை உங்களுக்குத் தெரியும். படகு எந்த ஊரில் இருந்து வந்தது என்று தெரியும், போனில் கூப்பிட்டு நன்றி சொல்லலாம். புதுக்குடிக்குப் பஸ் ஏறிப் போகலாம். சூலூர் விமானப்படைத் தளத்தில் இருந்தும் உச்சிப்புளி கடற்படைத் தளத்தில் இருந்தும் கிளம்பி வந்தவர்களின் முகம்கூட நமக்குத் தெரியாது, ஹெல்மெட் மட்டும்தான் தெரிந்தது. அவர்களுக்கும் நம்மைத் தெரியாது. இறக்கிவிட்ட உடனே அடுத்த கூரைக்குப் போய்விடுகிறார்கள். அந்த மனுஷி பிழைத்தாளா, அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று பெரும்பாலும் அவர்களுக்குத் தகவலே வராது. இதைத்தான் நான் பெரிய குறையாக நினைக்கிறேன்.

2018 ஆகஸ்ட் 17, கேரள வெள்ளத்தில் ஆலுவா பக்கம் கடற்படைக் கமாண்டர் விஜய் வர்மா ஒரு நிறைமாதக் கர்ப்பிணியைத் தூக்கினார். முதலில் ஒரு டாக்டரைக் கயிற்றில் இறக்கி, தூக்கலாமா என்று பார்த்த பிறகுதான் தூக்கினார்கள். அன்றைக்கே கடற்படை மருத்துவமனையில் ஆண்குழந்தை பிறந்தது. அந்தச் செய்தி நாடு முழுக்கப் போனதால் அவருக்கும் தெரிந்தது. அதே வெள்ளத்தில் ஒரு வீட்டுக்காரர்கள் மொட்டைமாடியில் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக "தாங்க்ஸ்" என்று எழுதி வைத்தார்கள். பறக்கிறவர்கள் படிக்கிற இடத்தில் எழுதியிருக்கிறார்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது.

அந்தக் கேரள வெள்ளத்தில் ஆட்களைக் காப்பாற்றியவர்களில் ஒருவர் திருச்சூர்க்காரர் ஏ. பிரதீப், விமானப்படையின் ஜூனியர் வாரண்ட் ஆபீசர். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் பக்கம் விழுந்த ஹெலிகாப்டரில் அவரும் இறந்துபோனார். சூலூரில் இருந்துதான் அது கிளம்பியது. 2013 ஜூனில் உத்தராகண்ட் வெள்ளத்தில் கௌரிகுண்ட் பக்கம் மீட்புக்குப் போன ஹெலிகாப்டர் விழுந்து அதில் இருந்த 20 பேரும் இறந்தார்கள். அந்த 20 பேரும் நம்மைப் போன்ற யாரையோ காப்பாற்றப் போனவர்கள். ஊர்க்கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசியவரிடம் இதைச் சண்டையாக இல்லாமல் உட்கார வைத்துச் சொல்லுங்கள். கேட்டால் அவரே முதல் நன்கொடை கொடுப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, எப்படிச் செய்வது? பிளெக்ஸ் வேண்டாம். அதில் கடைசியில் யார் யார் முகமோ வந்துவிடும். அன்றைக்கு அந்தத் தட்டட்டியில் யார் யார் இருந்தார்கள், இன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒரு கடிதத்தில் எழுதுங்கள். எந்தப் பிள்ளை எந்த வகுப்பு, யாருக்குக் கல்யாணம் ஆனது, வாழை திரும்பப் போட்டீர்களா, எல்லாம். உங்கள் தெரு எங்கே, ஹெலிகாப்டர் எத்தனை மணிக்கு வந்தது, இரண்டாவது மூட்டை எப்படி விழுந்தது என்பதையும் எழுதுங்கள். அன்று பறந்தவர்கள் வேறு ஊருக்கு மாறிப்போயிருக்கலாம், ஆனால் தேதியும் இடமும் இருந்தால் ஆளைக் கண்டுபிடிக்கச் சுலபம். கதவில் நின்றவரையும், தளத்தில் ராத்திரி முழுக்க இன்ஜினைச் சரிபார்த்தவர்களையும் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள். விமானியின் பெயராவது எப்போதாவது பேப்பரில் வரும். இவர்கள் பெயர் வருவதே இல்லை.

அப்புறம், விழாவுக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னொரு காரியமும் செய்யலாம். ஊரில் மேடான மைதானம் ஒன்றைப் பார்த்து, நாலு பக்கமும் கம்பி இல்லாமல் வைத்திருக்கப் பஞ்சாயத்தில் பேசுங்கள். ஹெலிகாப்டர் இறங்கினால் வால்பக்கம் போகக்கூடாது, உள்ளே இருப்பவர் கையைக் காட்டின பிறகு முன்பக்கமாகத்தான் போக வேண்டும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

கடிதத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒன்றும் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு ஒன்றும் அனுப்புங்கள். பெரியம்மை சொல்வதை அவர் பேசுகிற மாதிரியே தமிழில் எழுதிவிடுங்கள், நான் ஆங்கிலத்தில் மாற்றித் தருகிறேன். நவம்பருக்குள் கிடைத்தால் நல்லது.