வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்ய எவ்வளவு கூலி கேட்கலாம்?

தாம்பரம் பக்கம் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்ய ஆரம்பிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் 200 ரூபாய்க்கு ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) போடுகிறார், இன்னொருவர் அதே வேலைக்கு 1,000 வாங்குகிறார், நான் எவ்வளவு கேட்பது என்பது உங்கள் கேள்வி. நானும் சென்னையில் பல வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வந்து பார்ப்பதற்கென்று தனியாக ஒரு கட்டணம் வையுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன்பே போனில் அதைச் சொல்லுங்கள். மற்ற கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பார்ப்பதற்குக் காசு வாங்காமல் போகிறவர், போன இடத்தில் எதையாவது மாற்றியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் செலவு கையை விட்டுப் போகும். "இந்த மெஷினுக்கு இனிமேல் செலவு பண்ணாதீங்க சார்" என்று சொல்லவேண்டிய இடத்தில் அவருக்கு வாய் வராது. விசிட் சார்ஜ் வாங்குகிறவருக்கு அந்த நெருக்கடி இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பலாம். இலவசமாக வந்து பார்ப்பதாகச் சொன்னவரால் கடைசியில் அதிகம் செலவழித்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேற்கு மாம்பலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பழைய டெஸ்க்டாப்பைச் சொல்லலாம். எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. முன்பு வந்து பார்த்தவர் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தச் சொன்னது. திரையின் கீழ் மூலையில் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ராத்திரி பிளக்கைப் பிடுங்கி வைத்தால் தேதி அழிந்துவிடும். தேதி தப்பாக இருந்தால் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. பேட்டரியை மாற்றி, பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது வரும் அடிப்படை செட்டிங்கில்) தேதி வைத்து, திறந்ததோடு திறந்ததாக ரேமை எடுத்து அதன் பின்களை ரப்பரால் துடைத்துச் செருகினேன். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் இருக்கும். பேட்டரி 40, விசிட் 350.

"பத்து நிமிஷத்துக்கு 390 ரூபாயா தம்பி?"

"போன்லயே 350 சொன்னேனேம்மா. போர்டு மாத்த வேண்டாம்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் அது."

கொஞ்சம் யோசித்தார், கொடுத்தார். என் நம்பரைக் கேட்டு கேபினட்டின் பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியும் வைத்துக்கொண்டார். போனில் சொல்லாமல் போயிருந்தால், அதே 350-ஐ வேலை முடிந்தபின் கேட்டிருந்தால், அவருக்கு நான் ஏமாற்றுகிறவனாகத்தான் தெரிந்திருப்பேன். தொகை ஒன்றுதான், சொல்லும் நேரம்தான் வேறு.

சரி, அந்தத் தொகையை எப்படி முடிவு செய்வது? பக்கத்துக் கடைக்காரர் என்ன வாங்குகிறார் என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் கணக்கைப் போடுங்கள். வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாய் எடுத்துப்போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல், வண்டி சர்வீஸ், போன், ஸ்க்ரூடிரைவர் செட், பென்டிரைவ் தேய்மானம் எல்லாம் சேர்த்து ஒரு 5,000. ஆக 35,000. மாதம் 25 நாள் வேலை என்றால் நாளைக்கு 1,400. இப்போது உண்மையான கேள்வி: ஒரு நாளில் எத்தனை வீடு பார்க்க முடியும்? ஜிஎஸ்டி ரோட்டு டிராஃபிக்கில் குரோம்பேட்டைக்கும் வேளச்சேரிக்கும் அலைந்தால் மூன்று வீடு பார்ப்பதே பெரிது. அதில் ஒன்று பூட்டியிருக்கும், அல்லது பார்ட்ஸ் வாங்கிக்கொண்டு மறுநாள் வரவேண்டியதாகிவிடும். காசு கைக்கு வருகிற வேலை சராசரியாக இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்குச் சராசரியாக 700 ரூபாய் கூலி வந்தால்தான் உங்கள் கணக்கு நிற்கும். 200 ரூபாய்க்குச் செய்தால் தினமும் ஏழு வீடு ஏறி இறங்க வேண்டும். யாராலும் முடியாது. 200 ரூபாய்க்கு ஓஎஸ் போடுகிறவருக்கு மீதிக் காசு வேறு எங்கோ இருந்து வருகிறது. பெரும்பாலும் பார்ட்ஸ் விலையில் இருந்து.

நான் வாங்குவதைச் சொல்கிறேன், உங்கள் ஏரியாவுக்கு ஏற்ப கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். வந்து பார்க்க 350, ஐந்து கிலோமீட்டருக்குள். அதைத் தாண்டினால் 450. வேலையைச் செய்யச் சொன்னால் இந்தத் தொகை கூலிக்குள் அடங்கிவிடும், தனியாக வாங்கமாட்டேன். பிரிண்டர், வைஃபை ரவுட்டர் செட்டிங் மாதிரிச் சின்ன வேலைகள் விசிட் சார்ஜிலேயே முடிந்துவிடும். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிரைவைப் போட்டு எல்லாவற்றையும் அப்படியே மாற்றித் தர 800. லேப்டாப்பைப் பிரித்து ஃபேன் தூசி எடுத்து, பிராசஸர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் வைக்க 800. பேக்கப்போடு ஓஎஸ் போட 900.

இந்த 900-க்குத்தான் பேரம் அதிகம் வரும், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஓஎஸ் போடுவது மட்டும் என்றால் பென்டிரைவைச் செருகி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காசு அதற்கு இல்லை. அதற்கு முன்னால் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிரவுசர் புக்மார்க், போட்டோ, கடைக்காரர் என்றால் கணக்கு எழுதும் டேலி டேட்டா, எல்லாவற்றையும் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டும். நம் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது, புதிதாக வருகிற பையன்கள் பலருக்குத் தெரிவதில்லை: பழைய தமிழ் எழுத்துருக்கள். வக்கீல் குமாஸ்தா, கல்யாணப் பத்திரிகை டிடிபி ஆள், பள்ளிக்கூட வாத்தியார் இவர்கள் வீட்டு மெஷினில் வருடக்கணக்கான ஃபைல்கள் பாமினியிலோ வானவில்லிலோ அடித்ததாக இருக்கும். ஃபான்ட்ஸ் ஃபோல்டரை எடுத்து வைக்காமல் ஃபார்மட் போட்டால், ஃபைல் பத்திரமாக இருக்கும், திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். அவர்கள் கண்ணுக்கு அது டேட்டா போனதற்குச் சமம். ஆகவே ஃபான்ட், தமிழ் டைப் செய்யும் சாஃப்ட்வேர், பிரிண்டர் டிரைவர் மூன்றையும் பழையபடி வைத்து, ஒரு பழைய ஃபைலைத் திறந்து பிரிண்ட் எடுத்துக் காட்டிவிட்டுத்தான் நான் கிளம்புவேன். 900 ரூபாய் இதற்குத்தான். போனில் விலை சொல்லும்போதே இதையும் சொல்லுங்கள். பேரம் பாதி குறைந்துவிடும். ஃபார்மட் போடலாம் என்று வாட்ஸ்அப்பில் அவர்களை ஒரு வரி அனுப்பச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பது இருவருக்கும் நல்லது.

விண்டோஸுக்கென்று தனியாகக் காசு வாங்காதீர்கள், கிராக் பண்ணியதைப் போடவும் வேண்டாம். விண்டோஸ் 10, 11 லைசென்ஸோடு வந்த லேப்டாப்பில் அதே எடிஷனைத் திரும்பப் போட்டால் நெட் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 10-க்கான சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் "11 போட்டுக் கொடுங்க" என்று நிறைய அழைப்பு வரும். இன்டெல்லில் எட்டாவது தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்கள், மிகச் சில தவிர, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலிலேயே இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான், ஆனால் அப்டேட்டுக்கு உத்தரவாதம் கிடையாது. பென்ஷன் ஸ்டேட்மென்ட் பார்க்கவும் யூடியூபுக்கும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸைப் போட்டுத் தருகிறேன், கூலி அதே 900. சாஃப்ட்வேர் இலவசம் என்பதற்காக உங்கள் வேலை இலவசமாகிவிடாது.

பார்ட்ஸ் விஷயத்தில் ஆளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி மேலே 500, 1,000 வைத்து விற்பது சிலருக்குச் சகஜம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் விலை சொல்லும்போதே எதிரில் இருப்பவர் போனில் அதே மாடலைத் தேடிப் பார்த்துவிடுவார். 300 ரூபாய் வித்தியாசம் தெரிந்துவிட்டால், நேர்மையாகக் கேட்ட கூலியின் மீதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். நான் கடை பில்லை அவர் பெயரிலேயே போட்டு அப்படியே கொடுத்துவிடுகிறேன். வாங்கிவர அலைச்சல் கூலி 150 என்று தனி வரியாக எழுதுவேன். எஸ்எஸ்டிக்கு மூன்று வருட வாரண்டி என்றால் அந்த பில் அவர் கையில் இருப்பதுதான் முறை. அவரே ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தால் மாட்டித் தருவதற்கு அதே கூலி, ஒரு ரூபாய் கூடவும் இல்லை குறையவும் இல்லை. ரேம், எஸ்எஸ்டி விலையெல்லாம் 2025 கடைசியில் இருந்து கடகடவென்று ஏறியிருக்கிறது. அதனால் பார்ட்ஸ் விலை சொல்லும்போது "இன்னைக்கு விலை" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பட்டன் பேட்டரி, சாட்டா கேபிள், தெர்மல் பேஸ்ட் இதெல்லாம் பையிலேயே இருக்கட்டும், ஒரே விலையாக.

மணிக்கணக்கில் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மெஷின் ஸ்லோவாக இருப்பதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த ஸ்லோவுக்கே மீட்டர் ஓடினால் யாருக்குத்தான் மனசு வரும்? அப்டேட் இறங்க ஒரு மணி நேரம் ஆனால் அது அவர் தவறும் இல்லை, உங்கள் திறமையும் இல்லை. வேலைக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால் அவர்களும் கடிகாரத்தைப் பார்க்கமாட்டார்கள், நீங்களும் நிதானமாகச் செய்யலாம். அதே கோளாறு 15 நாளில் திரும்ப வந்தால் காசில்லாமல் வந்து பார்த்துத் தருவேன் என்பதையும் அந்த விலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வேறு கோளாறு என்றால் வேறு கட்டணம். எது அதே கோளாறு, எது வேறு என்பதில் தகராறு வராமல் இருக்க பில்லில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: என்ன இருந்தது, என்ன செய்தேன்.

ஒரு வேலைக்கு மட்டும் விலையே சொல்லாதீர்கள். ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால், உள்ளே இருக்கும் போட்டோக்கள் அவர்களுக்கு முக்கியம் என்றால், ஆஃப் செய்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் மிச்சம் இருப்பதும் கீறிப் போகலாம். டேட்டா ரெக்கவரி லேபுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டு விசிட் சார்ஜ் மட்டும் வாங்குங்கள். "முயற்சி பண்ணிப் பார்க்கிறேன், 2,000 கொடுங்க" என்று சொல்லி அழித்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு குடும்பத்துக்கு அந்தப் போட்டோக்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.

சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் கூப்பிட்டால்? ஒன்று முழுக் கூலி, இல்லையென்றால் முழுக்க இலவசம். பாதிக் காசு வாங்கினால் அதுதான் உங்கள் ரேட் என்று ஊருக்குப் பரவிவிடும். இலவசமாகச் செய்தாலும் பில் எழுதி 900, தள்ளுபடி 900 என்று காட்டுங்கள். பரீட்சை நேரத்தில் லேப்டாப் படுத்துவிட்டது என்று வரும் பிள்ளைகளிடம் நான் கூலி குறைப்பது உண்டு, அதையும் பில்லில் தெரிகிற மாதிரியே.

ஜிஎஸ்டி வரி பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரவைத் தாண்டாத வரை இந்த மாதிரி சர்வீஸ் வேலைக்குப் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாமல் பில்லில் 18 சதவீதம் சேர்த்து வாங்குவது மட்டும் கூடவே கூடாது.

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்பதால் முதல் சில மாதம் விசிட் 250 என்று வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அதை முதல் நாளிலிருந்தே வாங்குங்கள். 250-ஐப் பிறகு 350 ஆக்கினால் ஜனங்கள் ஒத்துக்கொள்வார்கள். சும்மா வந்துகொண்டிருந்தவர் திடீரென்று 250 கேட்டால் அடுத்த தடவை வேறு ஆளைத்தான் கூப்பிடுவார்கள்.